ரிலீவர்

காலை ஆறுக்கு வரவேண்டியவன்.
ஆறு இருபதாகியும் கேட்டில் அவன் வண்டிச் சத்தம் இல்லை.
மனதின் ஒரு பாதி வாசலைப் பார்க்கிறது,
இன்னொரு பாதி பெருக்குகிறது:
எட்டு மணி நேரம், இருமடங்கு,
இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு.

ஆள் வராமல் நாற்காலியை விட்டு எழக் கூடாது.
மற்ற விதிகளெல்லாம் போர்டில் இருக்கின்றன.
இது முதுகெலும்பில்.

காலம் என்று இங்கே சொல்வது நேரத்தை அல்ல,
கருப்பூர் வயல் ஓரம் நிற்கும்
நாற்பது மீட்டர் இரும்புக் குழாயை.
ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சைக் கவ்விக்கொண்டு
காலத்தின் உச்சிக்கு ஏறுவேன்,
மேல் கேஜைப் படித்து எழுத.
அங்கிருந்து ஏற்காட்டுப் பாதை தெரியும்.
கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே ஒரு லாரி
விளக்கைக் காட்டும், ஒளிக்கும், காட்டும்.
அந்த டிரைவருக்கு ஓ.டி. உண்டா,
யாரைக் கேட்பது?

சம்பளச் சீட்டில் பேசிக் ஒரு வரி.
அதில் அரிசி, பால், கேஸ், மாமனார் மாத்திரை.
அதற்குக் கீழே ஓ.டி.
தளவாய்ப்பட்டி மனையும் அதன் மேல் எழும்பிய வீடும்
அந்த வரியில்தான் இருக்கின்றன,
கோகிலவாணியின் கடைவாய்ப் பல்லும்கூட.

பகலில் தூங்க ஜன்னலுக்குக் கறுப்பு ஷீட் ஒட்டினோம்.
காலிங் பெல் ஒயரைப் பிடுங்கியாயிற்று.
குக்கர் மூன்றாவது விசிலுக்கு முன்
ஓடிவந்து தூக்குவாள்.
சத்தமில்லாமல் கார்ட்டூன் பார்த்துப் பழகிய தன்ஷிகா
பூனைக்கும் எலிக்கும் தானே வசனம் வைத்திருக்கிறாள்.
அதில் பூனை நைட் ஷிஃப்டாம்.

வாராந்திர லீவில் ஏற்காடு கூட்டிப்போனேன்,
படகுத்துறை பெஞ்சில் தூங்கிவிட்டேன்.
அவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு வந்து எழுப்பியபோது
"டெம்பரேச்சர் எவ்வளவு?" என்று கேட்டேனாம்.

அர்த்தநாரியைப் பதினொரு வருஷமாகத் தெரியும்,
ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் வீதம்.
"பி பம்ப் சத்தம் போடுது, சீல் பாக்கணும்.
மூணாம் ரியாக்டர் ஜாக்கெட் எண்பத்திரண்டுல நிக்குது.
பையனுக்கு ராத்திரி காய்ச்சல்."
எல்லாம் ஒரே மூச்சில், ஒரே குரலில்.
இளம்பிள்ளையில் அவன் வீடு எந்தத் தெரு, தெரியாது.
சேர்ந்து ஒரு தட்டுவடை செட் தின்றதில்லை.
அவன் மகன் காதுகுத்துக்கு நான் பேனலில் இருந்தேன்.
என் வீட்டுப் பால் காய்ச்சலுக்கு அவன் இருந்தான்.
இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டுமானால்
பிளாண்ட்டை நிறுத்த வேண்டும்.

அன்று பி ஷிஃப்ட் முடித்து
என் சி ஷிஃப்டையும் அவனே ஓட்டினான்.
மறுநாள் லட்டு கொடுத்தேன்.
"உன் வூட்டு விசேஷத்துல மொய் எனக்குத்தான்யா வுழுந்துது.
ரெண்டாயிரத்து முன்னூத்தி நாலு" என்று சிரித்தான்.
மாசக் கடைசியில் பேரில்லாமல் ஒரு ஃபேன் வந்தது,
சீலிங் ஃபேன், காப்பி நிறம்.
பில்லைக் கிழிக்க மறந்திருந்தான்: 2,290.
கேட்டதற்கு, பாக்கி பதினாலுக்கு டீ குடித்தேன் என்றான்.

ஆறு நாற்பது.
போன் அடிக்கிறது, எடுக்கவில்லை.
ஆறு ஐம்பது.
கோயமுத்தூர் பைபாஸ் லாரிகள் ஞாபகம் வருகின்றன.
எப்போது பெருக்கலை நிறுத்தினேன் என்று தெரியவில்லை.
திரையில் எண்கள் மாறுகின்றன,
கை எழுதுகிறது, காது கேட்டில்.
இரண்டாயிரத்து முந்நூற்று நான்கை
காலையில் நினைத்த வாயைக் கழுவ வேண்டும்.

ஏழு ஐந்துக்கு ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான்,
முழங்கை வரை கிரீஸ்.
"அஞ்சு ரோட்டுல செயின் கழண்டுக்கிச்சு.
போன் டிக்கியில."
திட்டலாம் என்றிருந்தேன்.
எழுந்தேன், சீட் சூடாக இருந்தது,
அப்படியே உட்கார்ந்தான்.

"பி பம்ப் இன்னும் சத்தம் போடுது" என்றேன்.