வாட்டம்

மாடி பார்க்க வந்த திம்மராயன்
முதலில் கேட்டது ஒரு பழைய கோணி.
சுருட்டி, மழைத்தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் திணித்து
மோட்டாரைப் போடச் சொன்னார்.
"ரெண்டு அங்குலம் நிக்கணும் அக்கா. ரெண்டு நாள்.
சொட்டுச்சுன்னா கூப்பிடுங்க.
சொட்டலேன்னாலும் கூப்பிடுங்க."

காவேரிப்பட்டணத்தில் வைகாசி.
தென்பெண்ணை மணலாகக் கிடக்க
எங்கள் தலைக்கு மேலே ஒரு குளம்.
காகங்கள் குடும்பத்தோடு வந்து குளித்தன.
எதிர்மாடி ரேஷ்மா
கப்பல் விடலாமா ஆன்ட்டி என்றாள்.
மாங்கூழ் ஆலையின் வாசம்
தண்ணீர் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆறு வருடமாக இந்த வீட்டில்
மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு.
பெய்யும்போது ஒன்றுமில்லை.
நின்று ஒருமணி நேரம் கழித்து,
தெருவே காய்ந்த பிறகு,
பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே
சொட்.
குண்டான் வைப்போம், பெயின்ட் டப்பா வைப்போம்,
ஒருமுறை பிரஷர் குக்கர்.
சொட்டுக்கு ஒருதரம்
மேஸ்திரியைத் திட்டுவோம்,
அவர் சத்தமாக, நான் மனசுக்குள்.
பாக்கி எட்டாயிரத்தை
ஒழுகுற வீட்டுக்கு என்ன கூலி என்று நிறுத்திவிட்டோம்.
மூன்று முறை வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.
ஒரு தடவை மகளையும் கூட்டிவந்திருந்தார்.
பிறகு வரவில்லை.

இரண்டாம் நாள் இரவு, இரண்டேகால் மணி,
சொட்.
இருட்டில் அவர் சொன்னார்: "பாத்தியா."

காலையில் திம்மராயன் கோணியை உருவினார்.
குளம் எழுந்து நடந்ததுபோல் போனது,
ஓர் ஓரத்திலும் தேங்காமல், யோசிக்காமல்.
பாதி நிப்பட்டைக் கையில் வைத்துக்கொண்டு
பார்த்தபடியே நின்றவர்
"யாரு போட்ட மாடி இது?
வாட்டம் கோடு கிழிச்ச மாதிரி இருக்கு" என்றார்.
நாங்கள் பதில் சொல்லவில்லை.
எனக்குத் தெரிந்த வாட்டம் வேறு,
கேட்டுக்கு வெளியே நின்றது.

ஒற்றை ரூபாய் நாணயத்தால்
தட்டோடு தட்டோடாகத் தட்டினார்.
டங். டங். டங்.
படுக்கையறைக்கு மேலே முழுக்க டங்.
"ஒழுகற எடம் வேற, ஓட்டை வேற அக்கா.
தண்ணிக்கு அவசரமே கிடையாது.
ஓட்டுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவுல
படுத்துக்கிட்டே போகும்."

சமையலறைப் பக்கம், பதினாலு அடி தள்ளி,
டொக்.

நாலு துளை. துருப்பிடித்த வளையங்கள்.
ஒன்றில் முறிந்த போல்ட் இன்னும் இருந்தது.
டிஷ் ஆன்டெனா நின்ற கால்கள்.
உலகக்கோப்பை அரையிறுதிக்கு முந்தின ஞாயிறு
மச்சானிடம் டிரில் இரவல் வாங்கி
அவர்தான் போட்டார்.
கீழே டிவி முன்னால் நின்று
"வருது, வருது, போச்சு, ஆங் வருது" என்று
கத்தியது நான்.
வந்தது.

பதினொரு ஓடு பெயர்க்கணும்,
துளையில் சிமெண்ட் பால், வலை, ரெண்டு கோட்டிங்,
மூணு நாளைக்கு மழை வராம இருக்கணும்,
நாலாயிரத்து இருநூறு
என்று திம்மராயன் கணக்குச் சொல்கிறார்.
ஓசூர்ப் பக்கம் கருத்திருக்கிறது.

என் போனில் அந்த எண்
"ஒழுகல் மேஸ்திரி" என்று இருக்கிறது.
முதலில் அதை அழித்து
பச்சமுத்து என்று அடிக்கிறேன்.
பிறகும் பச்சை பொத்தானுக்கு விரல் போகவில்லை.

ஆறு வருடத்துக்கு வட்டி எவ்வளவு வரும் என்கிறார் இவர்,
துளைகளைப் பார்த்தபடி.
கீழே தென்னங்குழியில்
எங்கள் குளம் இன்னும் ஊறி முடியவில்லை.