வரிக்கணக்கு

துர்க்கு நகரில், அவுரா ஆற்றைப் பார்த்த இரண்டாம் மாடியில்
இருபத்தோரு வருடம் நான் கணக்கு எழுதினேன்.
எல்யாஸ் ரவுத்தவுவோரி என்று சொன்னால்
ஹெல்சிங்கியில் வண்டிக்காரனும் தொப்பியைத் தூக்குவான்.
எனக்கு அவர்
பேரேட்டில் அறுபத்திரண்டாம் பக்கம்.

வரிக்கு ஒரு மார்க்கா என்று ஒப்பந்தம்.
முதல் நாடகத்துக்குப் பணம் போன மூன்றாம் நாள்
கடிதம் வந்தது: பதினேழு வரிகளைக் காணோம்.
நான் எண்ணினேன். முதலாளி ப்ரென்பாக் எண்ணினார்.
அச்சுக்கோப்பவர் மேலேறி வந்து
மை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
குறையில்லை என்று எழுதினோம்.
மறுதபாலில் அட்டை:
'மௌனம்' என்று பதினேழு இடத்தில் எழுதியிருக்கிறேன்.
அதையெல்லாம் யார் எழுதியது, உங்கள் அப்பாவா?

அடைப்புக்குறிக்குள் இருப்பதற்குக் காசு கிடையாது
என்றார் முதலாளி.
குறியை எடுத்துவிடுங்கள், நானா பூட்டச் சொன்னேன்
என்றார் அவர்.
வரி வசூலிக்கிறான் என்னிடம், வரி!
என்று முதலாளி மேசையைக் குத்தியதில்
மைக்கூடு கவிழ்ந்து
ஒரு போதகரின் பிரசங்கத் தொகுப்பு நீலமானது.

கோபித்துக்கொண்டு வேறு பதிப்பாளரிடம் போனார்.
ஒரே நாடகம். திரும்பி வந்துவிட்டார்.
'அங்கே மௌனத்தைச் சாய்வெழுத்தில் போடுகிறார்கள்.
மௌனம் எதன்மேலும் சாயாது.'

கடைசியில் ஓர் உடன்பாடு, நான்தான் தட்டச்சு செய்தேன்:
மௌனம், ஐம்பது பென்னி.
நீண்ட மௌனம், முழு மார்க்கா.
அடுத்த நாடகத்தில் ஒரு மௌனம்கூட இல்லை.
நாற்பத்தோரு நீண்ட மௌனங்கள்.
காகிதக் கிடங்குக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.
ஒரு கிறிஸ்துமஸுக்கு முதலாளி
புகைபோட்ட சால்மன் மீன் ஒன்றை அனுப்பினார்.
ரசீது வந்தது, தேதியோடு, கையெழுத்தோடு:
பெற்றுக்கொண்டேன். தலை இல்லை.

பிறகு அந்தப் போர்க் குளிர்காலம்.
பிப்ரவரியில் சும்மா முனையில் ரூனார் விழுந்தான்,
முதலாளியின் ஒரே பையன்.
பள்ளி விடுமுறையில் என் மேசையடியில் படுத்துக்கொண்டு
பிழைதிருத்தத் தாள்களில் குதிரை வரைந்தவன்.
கடிதங்கள் குவிந்தன. எல்லாவற்றிலும் வீரம், தியாகம், தாய்நாடு.
பிரித்துப் பார்த்துவிட்டு
பதில் போடச் சொல்லி என்னிடம் தள்ளினார்.

ஓர் உறையில் ஒரு தாள்.
வெறும் தாள்.
அடியில் மட்டும் ரவுத்தவுவோரியின் கையெழுத்து,
பேனா அழுந்திக் கிழித்த இடத்தில் ஒரு துளை.
முதலாளி திருப்பிப் பார்த்தார்.
சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
கீழே ஆறு உறைந்து கிடந்தது.
ஒரு பையன் அதன்மேல் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.
"கணக்கில் வை, ஹில்மா" என்றார்.
என்ன விலைக்கு என்று கேட்டேன்,
கேட்டிருக்கக் கூடாது.
மேலங்கியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் எழுதினேன்:
பிப்ரவரி இருபத்தாறு. நீண்ட மௌனம், ஒரு பக்கம்.
முப்பத்திரண்டு வரி. முப்பத்திரண்டு மார்க்கா.
அன்றைக்கே பணவிடை அனுப்பினேன்.
யாரிடமும் கேட்கவில்லை.
அவமானப்படுத்திவிட்டேனோ என்று
பல இரவுகள் தூக்கமில்லை.

மார்ச்சில் போர் நின்றது.
அவர் நாடகங்கள் முதலில் மேடையேறிய விபூரி
கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.
ஏப்ரலில், ஆற்றில் பனி வெடிக்கத் தொடங்கிய வாரம்,
கடிதம்:
உங்கள் பக்கத்துக்கு முப்பத்து நான்கு வரி.
அளந்து பார்த்தேன். இரண்டு மார்க்கா பாக்கி.

இரண்டு மார்க்கா தபால்தலை ஒட்டியிருந்தார்.

முதலாளி இரண்டு முறை படித்தார்.
அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி
அளவுகோலை வைத்து
மேலிருந்து கீழாக எண்ணினார், உதடு அசைய.
முப்பத்து நான்கு.
பிறகு, ரூனார் போனதிலிருந்து முதல்தடவையாக,
அச்சுக்கூடம் வரை கேட்கும்படி
வாய்விட்டுத் திட்டினார்.