மூணேகால் மணி

வேதகிரியின் போனில்
இன்னும் ஐந்து அலாரங்கள் உயிரோடு இருக்கின்றன.

விடிகாலை நாலு ஐம்பதுக்கு மோட்டார்.
ஐந்தரைக்கு மேல் போட்டால்
கொளத்தூர் குழாயில் காற்றுதான் வரும் என்பார்.
இப்போது எங்களுக்கு லாரித் தண்ணீர்.
ஆனாலும் அம்மா எழுந்துபோய்
சுவிட்சைத் தொட்டுவிட்டு வந்து படுக்கிறாள்.

ஏழு இருபதுக்கு மாத்திரை.
அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மாலை ஆறே முக்காலுக்கு ‘பாப்பா டியூசன்’.
பாப்பாவுக்கு முப்பத்து நாலு வயது.
மூன்று போன் மாற்றினார்,
ஒவ்வொரு தடவையும் கடைப் பையனிடம்
இதையும் ஏத்திக் குடுப்பா என்று நின்றிருக்கிறார்.
டியூசன் வாசலில் டிவிஎஸ் பிப்டியோடு
அவர் நிற்பது எனக்கு அவமானமாக இருந்தது ஒருகாலம்.
தெருமுனையிலேயே நில்லு என்றேன்.
நின்றார்.

திருக்கழுக்குன்றத்துக்காரர்.
நாற்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும்
பாரிமுனைக்குக் கிளம்பினால்
“மெட்ராஸ் போயிட்டு வந்துடறேன்” என்பார்.
அப்போ இது என்னப்பா என்றால்
இது வீடு என்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வால்வு கம்பெனியில், ஸ்டோர்கீப்பர்.
பகலெல்லாம் வாஷர், போல்ட், நட்டு எண்ணிய விரல்
ராத்திரி வாசலில் எங்கள் செருப்புகளை எண்ணும்.
நாலு ஜோடி இருந்தால்தான் தாழ்ப்பாள்.
பத்து பத்துக்கு அடிக்கிற அலாரத்தின் பெயர்
‘செருப்பு’.

மார்ட்டினாவைக் கட்டிக்கொண்டு அண்ணன் போன வருஷம்
குடையால் அடித்தார் அவனை. குடைக்கம்பி வளைந்தது.
அதற்கப்புறம் இரண்டு வருஷம் மூன்றே ஜோடி.
வாய்க்குள் நாலுவரை எண்ணுவார்,
தாழ்ப்பாளைப் பாதியில் விட்டுவிடுவார்.
குழந்தை பிறந்த அன்று எழும்பூர் ஆஸ்பத்திரியில்
எங்களுக்கு முன்னால் போய் நின்றது அவர்தான்,
வளைந்த குடையோடு. மழைகூட இல்லை.

ஐந்தாவதுதான் புரியவில்லை.
வியாழக்கிழமை மட்டும். மூணேகால் மணி. பெயர் கிடையாது.
சீட்டுப் பணம் கட்டுகிற நாளாயிருக்கும், அண்ணன் சொன்னான்.
செங்கல்பட்டு வண்டி நேரமோ என்று நான்.
அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
“ஜாமீன் போட வச்சு ஓடிப்போனானே சுகுமாறன்,
அவன் பொண்டாட்டி இன்னும் பாடியிலதான் இருக்கா”
என்றாள்.
அந்த ஜாமீனில் போன இரண்டு வளையல் இருந்த இடத்தை
மற்ற கையால் ஒருமுறை பிடித்துக்கொண்டாள்.
மறுபடி துணி மடித்தாள்.

இன்று பென்சன் கணக்கை மூடப் பெரம்பூர் வங்கிக்குப் போனேன்.
டோக்கன் எழுபத்தொன்று.
கவுண்டரில் சான்றிதழை நீட்டும்போது
பையில் அடித்தது, முழுச் சத்தத்தில்.
வியாழக்கிழமை என்பதை மறந்திருந்தேன்.

எடுங்கம்மா, யாரோ கூப்பிடறாங்க
என்றார் கவுண்டர்காரர்.
இல்ல சார், அப்பாதான் என்றேன்.

அவர் சான்றிதழைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.
சரி, அடிச்சு முடியட்டும் என்று
பேனாவை மூடி வைத்தார்.
பின்னால் எழுபத்திரண்டு
என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தது.