ஐம்பது சுழற்சி

ஆடிப் பண்டிகை. குகைப் பக்கம் ஒரு தெருமேடை.
சீரியல் பல்பு, ஜெனரேட்டர், மங்கி மங்கி எரியும் டிம்மர்.
பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன்
பாட்டு மூச்சு விடும் இடத்தில்
விரலை எடுத்துவிட்டேன். நான் நின்றேன்,
கிதார் நிற்கவில்லை.
"யாருய்யா உள்ள கிரைண்டர் ஓட்டறது?"
மைக்கை மூடாமலே கேட்டார் பாடகர் திருமால்.
தெருவே சிரித்தது.

சிரித்தவர்களுக்குத் தெரியாது
அந்த இரைச்சலுக்கும் சுருதி உண்டென்று.
ஜி-க்குக் கொஞ்சம் மேலே, ஜி ஷார்ப்புக்குக் கீழே,
எந்தப் பாட்டிலும் சேராத இடத்தில்
மின்வாரியம் இடைவிடாமல் பாடிக்கொண்டிருக்கிறது.

அம்மாப்பேட்டையில் என் அறை.
சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறிகள்,
சந்து முனையில் டிரான்ஸ்பார்மர்.
கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் இரைச்சல் குறையும்,
வடகிழக்கில் ஏறக்குறைய இல்லை.
வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை வந்தது அப்படித்தான்.

ஞாயிறு காலை அஸ்தம்பட்டி சர்ச்சில்
கண்ணாடித் தம்ளரைத் தட்டியதுபோல் கேட்க வேண்டும்.
முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு சினிமாப் பாட்டு.
வியாழன் இரவு ஏற்காட்டு ஹோட்டலில்
பனிக்குல்லா போட்ட சுற்றுலாக்காரர்களுக்கு
கொஞ்சம் அழுக்கான ப்ளூஸ்.
மூன்று கிதார் வாங்க வக்கில்லாதவன்
ஒன்றுக்கே மூன்று தொண்டை தேடினேன்.

ஹம்பக்கர் போட்டால் இரைச்சல் போகும்,
ஆனால் எல்லாச் சுரத்துக்கும் நெய் ஊற்றியதுபோல் இருக்கும்.
ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு காயில் அடுக்கிய வகையில்
மேல் காயில் தந்தியைக் கேட்கும்,
கீழ் காயிலுக்குக் கரண்டின் முனகல் மட்டும்;
தலைகீழாய்க் கோத்தால் முனகலும் முனகலும் கழிந்து பூஜ்யம்.
உச்சியில் ஒரு சிட்டிகைப் பளபளப்பு குறையும் என்றார்கள்.
குறையட்டும்.
கழுத்திலும் நடுவிலும் அடுக்கு,
பிரிட்ஜில் பக்கம் பக்கமாய் இரட்டைக் காயில்.
இரண்டு மாத ஏற்காட்டுச் சம்பளம்,
உள்ளங்கையில் அடங்கும் மூன்று டப்பா.

நடு பிக்கப் இன்னொரு கம்பெனி, மலிவு.
இவனுக்குப் பச்சை எர்த் என்றால் அவனுக்குக் கறுப்பு.
பாட்டின் முதுகில் ஈயம் ஒட்டாமல்
முத்து முத்தாய் உருண்டது.
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிற சிவதாபுரம் சுகந்தி
வீடியோ காலில் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"ஈயத்த ஏன் சுடற? எடத்தச் சுடு."
உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். ஒட்டியது.

இரவு ஷிப்ட் ஓடும் நேரம் பார்த்து ஆம்பைப் போட்டேன்.
ஒன்றுமில்லை.
ஃபியூஸ் போய்விட்டதென்று நினைத்து
விரலால் தந்தியைத் தொட்டேன்.
தெற்கே திரும்பினேன், மேற்கே, டிரான்ஸ்பார்மருக்கு நேராக.
எந்தத் திசையிலும் தந்தி மட்டுமே பேசியது.
சுவர் வழியே தடக் தடக்கென்று தறி.
அது தறியாகவே கேட்டது.

நான்காம் இடத்துக்கு ஸ்விட்சைத் தள்ளும்வரை.

கழுத்தும் நடுவும் சேர்ந்தால் அடிக்குரல் காணோம்,
தகர டப்பாவுக்குள் அடைபட்ட மூக்கொலி.
நடு பிக்கப்பில் இரண்டு வயரை மாற்றி வைத்திருக்கிறேன்.
இரைச்சலைத் தின்ன வைத்த கணக்கு
பாட்டையும் தின்கிறது.
திரும்ப இரும்பைச் சூடாக்கி, தந்தி தளர்த்தி,
தட்டைக் கழற்றும்முன்
சும்மா ஒரு தரம் மூன்றாம் தந்தியை வளைத்தேன்.

இரண்டு தெரு தள்ளி
யாரோ நாகஸ்வரத்துக்குச் சீவாளி நனைத்துச் சரிபார்க்கிறார்கள்.

அப்படித்தான் இருந்தது, சத்தியமாய்.

மறுநாள் ஐந்து ரோட்டில்
இழுத்தால் ஒன்று, அழுத்தினால் ஒன்று என்று
வேலை செய்யும் குமிழ் ஒன்று வாங்கினேன்.
தப்பைத் திருத்தவில்லை,
அதற்கொரு கைப்பிடி வைத்தேன்.

ஆவணியில் ஒரு கல்யாண ரிசப்ஷன், அதே திருமால்.
பல்லவி முடிந்தது. விரலை எடுத்தேன்.
பந்தியில் அப்பளம் நொறுங்குவது மேடைவரை கேட்டது.
திருமால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்,
வயர் கழன்றுவிட்டதா என்று.

குமிழை இழுத்தேன்.