சொறியாதே

மில்லுக்குக் கரும்பு ஏற்றிப்போகும் லாரி
என்னுடையது அல்ல.
அதன் சாம்பல் மட்டும் என்னுடையது.
வெளியிலேயே சட்டையைக் கழற்றி
கராஜ் குழாயில் குளித்த பிறகுதான்
மகனைத் தொட அனுமதி,
ஜூலைக் குளிரிலும்.

டோங்காட்டில் கரும்பு எரிகிற நாளில்
வானத்திலிருந்து கறுப்பு நூல் இறங்கும்.
சுலோஷ்னி ஜன்னல்களை அடைப்பாள்.
துணிக்கொடியைப் பார்த்து ஒரு வசவு,
என்னைப் பார்த்து ஒன்று.

கவிலனுக்கு நாலு வயது.
முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், காதடி.
அரை கிலோ வெள்ளை டப்பா
இரண்டு வாரம் வரும் என்றாள் கிளினிக் நர்ஸ்.
ஒன்பதாம் நாள் அடி தெரிகிறது.

'வயிற்றில் இருந்தபோது நண்டு தின்றாயா?'
ஒரு கல்யாண வீட்டில்
என் அக்கா கேட்டாள், எல்லோர் முன்னாலும்.
அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நண்டுக் கறி இல்லை.
நானும் கேட்கவில்லை.

ஸ்கூலில் இங்கிலீஷ், லாரியில் ஜூலு.
பிள்ளைகளிடம் மிஞ்சிய தமிழ் ஒரு கைப்பிடி:
சோறு, சாமி, வா, ஐயோ.
அதில் ராப்பகல் உழைக்கிற சொல்
சொறியாதே.
பொம்மை நாயிடமும்
கவிலன் அதையேதான் சொல்கிறான்.

கரண்ட் போனால் ஃபேன் நிற்கும்.
ஃபேன் நின்றால் அந்தச் சத்தம் தொடங்கும்:
இருட்டில் யாரோ தீக்குச்சி உரசுகிறார்கள்,
பற்றவே மாட்டேன் என்கிறது.
அவன் கைகளுக்குக் காலுறை மாட்டி
அக்காவின் ஹேர்பேண்டால் கட்டுகிறோம்.
அவளைக் கேட்டதில்லை.
கட்டிலில் எங்கள் இருவருக்கும் நடுவே
அவன். டப்பா. ஈரத் துணி.
முந்நூறு இரவா, நானூறா.
காலையில் விரிப்பில் பொட்டுப் பொட்டாய் ரத்தம்.
குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் போகும்,
அது இப்போது எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை தெரூஷா வந்து
கையை நீட்டினாள். எட்டு வயது,
ஒரு கொசுக்கடி இல்லாத கை.
மணிக்கட்டுக்கு மேல் சிவப்பாய் ஐந்து கோடு,
ஒரே இடைவெளியில்.
சீப்பு மேஜைமேல் கிடந்தது.

'எனக்கும் போடுங்க, டாடி.'

டப்பாவைத் திறந்தேன்.
மிச்சத்தை வழித்து
முழங்கை வரைக்கும் தடவினேன், மெதுவாக,
கோடு இல்லாத இடத்திலும்.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து
சுலோஷ்னியின் குரல்:
சொறியாதே!

தெரூஷா வெடுக்கென்று
கையை இழுத்துக்கொண்டாள்.

'உன்னை இல்லை'
என்று சொல்ல வாயெடுத்தேன்.