காரணம், ஒரு வரியில்

படிவத்தில் 'காரணம்' என்ற சொல்லுக்கு எதிரே
ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.
மழை என்று எழுதினால்
இன்னும் இடம் மிஞ்சும்.

எங்கிருந்து தொடங்க?
பாயா தெருபோங் சரிவுக்கு அடியில்
கருங்கல் ஆறிக் குளிர்ந்தபோதே
அதன் உடம்பில் கீறல்கள் விழுந்துவிட்டன.
மழைக்குப் பெயர் வைக்க அப்போது ஆளில்லை.
கீறல் வழியே இறங்கிய நீர் அவசரப்படவில்லை.
கல்லுக்குள் வெள்ளையாய் மின்னியதையெல்லாம்
களிமண்ணாக்கிக்கொண்டே போனது.

ஏழாம் துளையில் எடுத்த மாதிரி
என் மேசைமேல் இருக்கிறது.
பார்த்தால் கல். புள்ளிகள்கூட அப்படியே.
அழுத்தினேன், நெய் உருண்டைபோல உதிர்ந்தது.
நடுவில் ஒரு கறுப்புக் கோடு மட்டும்
வழுவழுவென்று,
சாலைப் பக்கமாகச் சாய்ந்து.
கல் செத்துப் பல காலம்.
அதன் விரிசல் சாகவில்லை.

சரிவின் காலை வெட்டியது நாங்கள்தான்.
நாற்பது மாடிக்கு லாரி ஏற வழி வேண்டுமே.
மிஸ்டர் ஊய் கணக்குப் போட்டார்.
கணக்கு சரியாகத்தான் வந்தது,
மலை காய்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
குழாய்க்குள் நாடாவை இறக்குகிறேன்.
நீரைத் தொட்டால் அதன் முனை கத்தும்.
திங்கள், ஒன்பது மீட்டர்.
புதன், ஆறரை.
வெள்ளி, மழைக்கோட்டுக்குள் வியர்த்தபடி நிற்க
இரண்டே காலில் கத்தியது.
நாடா பழுதென்று துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன்.
இரண்டே கால்.

மண்ணுக்குள் ஏறும் நீர்
நனைப்பதோடு நிற்காது.
ஒரு மணலை அடுத்த மணலிலிருந்து
கொஞ்சமே கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும்.
வெளியே ஒரு புல்லும் அசையாது.

வாட்ஸாப்பில் அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
'நோட்டட்' என்று பதில்.
நான் முறுக்கு மாவு வாங்கப் போய்விட்டேன்.
இதையும் அந்தக் கோட்டில் எழுதலாமா?

சனி விடியலில் பாறைகள்தான் முதலில் வந்தன,
மண்ணுக்குள் கரையாமல் உருண்டையாய் மிஞ்சியவை,
அதில் ஒன்று பள்ளி வேன் அளவு.
பிறகு முழுச் சரிவும்.
இருபது நொடி என்கிறார் காவலர் ஜைலானி.
இல்லை, பத்து என்கிறார். அழுகிறார்.
கன்டெய்னர் வீட்டில் தூங்கியவர்கள் மூன்று பேர்.
மொஃபிசுலின் கைப்பேசி
மண்ணுக்குள்ளிருந்து மதியம்வரை அடித்தது.

மேல்வடிகாலின் வாயில்
ஒரு சிமெண்டுப் பை மடிந்து கிடந்தது.
யார் போட்டது என்று
யாரும் கேட்கவில்லை.

நேற்றிரவு ஊய் கூப்பிட்டார்.
"ஹுஜான் என்று போடு, யாழரசி. போதும்."
சொன்னாரா, கேட்டாரா, தெரியவில்லை.

ஏழாம் குழாய் இப்போது இல்லை.
எட்டாவது இருக்கிறது,
ஆட்கள் குடியிருக்கும் பிளாட்டுக்குப் பின்னால்.
கொடியில் யாருடைய சீருடையோ காய்கிறது.
மழை நின்று மூன்று நாள்; சுள்ளென்ற வெயில்.
நாடாவை இறக்கினேன்.
நேற்று நாலரை.
இன்று மூன்றே முக்காலில்
கத்துகிறது.