சிவப்பதற்கு ஒரு மரம்

மாண்ட்ரியல் துறைமுகத்தில் சரக்கு இறங்கிய மூன்று நாளில்
மலை முழுக்கப் பற்றி எரிவதுபோல் நின்ற மரங்களைக்
குளிரில் ஆடும் கையால் படமெடுத்து அனுப்பி,
கூடவே குரலும் அனுப்பியிருந்தார் நிஸ்தார்:
நம்ம வாசல்ல இப்படி ஒண்ணு வையி.
நான் வந்து எறங்குறப்ப செவந்து நிக்கணும்.

பெரியபட்டினத்தில் எங்கள் மனை நாலரை சென்ட்.
கடப்பாரை ரெண்டு முழம் போனால் கிளிஞ்சல்,
மூணாவது முழத்தில் உவர்த்தண்ணி.
இலையுதிர் காலம் எந்த மாசம் என்று
பாடப்புத்தகத்தோடு வந்து நிற்கிறாள் மகள்.
ஐப்பசியில் இங்கே உதிர்வது கூரை ஓடும்
கரண்டுக் கம்பியும்தான்.

உச்சிப்புளி நர்சரியில் கோவிந்தமுத்து
படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.
இது பனிக்குப் பழுக்குற சாதி,
நம்ம ஊரு அனலுக்குக் கருவாடாயிரும்.
மயில்கொன்றை? பூ சிவப்பு, சரிதான்,
ஆனால் ஒரு புயலுக்கு முறிந்து கார்மேல் விழும்.
கார் இல்லை என்றேன்.
அப்ப பக்கத்து வீட்டுக் கார்மேல.
பூவரசு ஒரேயடியாக மாறாது,
நாளுக்கொன்றாய் மஞ்சள் இலை தரும்,
பாக்கியைத் தவணையில் அடைக்கிறவர் மாதிரி.
புங்கன் பங்குனியில் செம்புத் தளிர் விடும்,
எண்ணி எட்டு நாள், பிறகு பச்சை.
கடைசியில் மூலையில் கிடந்த
கறுப்புப் பாலித்தீன் பையைக் காலால் தள்ளினார்:
வாதாமரம். உப்புக்காத்தெல்லாம் அதுக்கு மோர்.
தையில் பழுக்கும், மாசியில் கொட்டும்.
நாற்பது ரூபாய்.

செப்டிக் டேங்கிலிருந்து பத்தடி தள்ளி,
மதிலிலிருந்து ஆறடி,
அவர் சொன்ன அளவெல்லாம் மனைக்குள் அடங்கவில்லை.
வாசற்படிக்கு நேரே வைத்தேன்.
மீன் கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர்,
லாரித் தண்ணீர் வந்த நாளில் மட்டும் நல்ல தண்ணீர்.

நாலாவது தையில் சிவந்தது.
அடிக்கிளையில் ஒரு ஓரம் முதலில்,
யாரோ பீட்ரூட் நறுக்கிய கையைத் துடைத்ததுபோல்.
பத்து நாளில் மரம் முழுக்க.
அஸருக்குப் பிந்திய வெயிலில்
எங்கள் வெள்ளைச் சுவரே நாணம் கொண்டது.
எதிர்வீட்டு செரின் டீச்சர்
குப்பையை யார் அள்ளுவது என்று கேட்டார்.
வவ்வால் துப்பிய கொட்டைகளை
மகள் கல்லால் உடைத்துப் பருப்பு தின்றாள்.
நிஸ்தார் அப்போது சூயஸில் வரிசையில் நின்றார்.
படம் அனுப்பினேன்.
நிறம் சரியா வரலையே என்றார்.
வரவில்லைதான். போனில் அது செங்கல் மாதிரி இருந்தது.

புரட்டாசியில் வந்து இறங்கினார்.
பச்சை. அப்படியொரு பச்சை,
இலை ஒவ்வொன்றும் சோற்றுத்தட்டு அகலம்.
பெட்டியைக் கீழே வைக்காமல்
அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.
நான் எதுவும் சொல்லவில்லை,
ஒரு மரத்துக்காக யாரும் மன்னிப்புக் கேட்பார்களா?

மறுநாள் காலை சிகரெட்டோடு
கொல்லைப்பக்கம் போனவர் கூப்பிட்டார்.
மதிலுக்கு வெளியே உவர்நிலம்,
மழைக்கு முந்தைய வெடிப்புகளின்மேல்
கணுக்கால் உயரத்துக்கு உமரி,
கண்ணுக்கு எட்டியவரை குங்கும நிறத்தில்,
நடுவில் இரண்டு கொக்கு,
ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக் கால்.

இது எப்ப வச்சது?
யாரும் வைக்கவில்லை.
போன தடவை இருந்துச்சா?
இருந்தது. நீங்கள் வந்த எல்லாத் தடவையும்.
ஏன் செவந்திருக்கு?
தண்ணீர் வற்றி உப்பு ஏறினால் சிவக்கும்.
பிடுங்கி முன்னால் வைக்கலாமா என்றார்.
வைக்கலாம்,
நல்ல தண்ணீர் ஊற்றினால் பச்சையாகிவிடும் என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

மதியம் பார்க்கிறேன்,
வாதாமர நிழலில் ஒரு சிரட்டை,
அதில் வெடித்த மண்ணோடு ஒரு பிடி உமரி.
குவளையோடு ஓடிவந்த மகளை மறித்து
ஊத்தாதே, ஊத்தாதே
என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.